கயாக்கின் துணித்தோலைத் தப்பு மேளம் போல் இறுக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹற்றன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் என் கயாக்கை இறக்கும் நாட்களில் கரையில் நிற்பவர்கள் முதலில் செய்யும் காரியம் அதை விரலால் தட்டிப் பார்ப்பதுதான். மரக்கூட்டின் மேல் துணியைப் போர்த்தித் தைத்து, பெயின்ட் பூசிய படகு அது என்று சொன்னதும் கேள்விகள் வரத் தொடங்கும். அவர்களுள் சிலர் பிறகு தாங்களே கூடு கட்டி, துணி தைக்கும் கட்டத்தில் சிக்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்கள். கூடு கட்டுவதில் தடுமாறியவர் அநேகமாக எவருமில்லை; தச்சு வேலை தெரிந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். தடுமாற்றமெல்லாம் துணியை இறுக்குவதில்தான். அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, விடைகளைக் கீழே தந்திருக்கிறேன். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை என்பதால் மேலிருந்து வாசிப்பது நல்லது.

அண்ணே, இது படகா, கூடாரமா? வெறும் துணி ஆளைத் தாங்குமா?

ஆளைத் தாங்குவது கூடு. துணியின் வேலை தண்ணீரை வெளியே நிறுத்துவது. கிறீன்லாந்து மக்கள் கடல்நாய்த் தோலைப் போர்த்திக் கட்டிய வேட்டைப் படகுதான் கயாக். அங்கே ஆண்கள் கூட்டைக் கட்ட, பெண்கள் ஈரத் தோலை இழுத்துத் தைத்தார்கள்; தோல் காயும்போது தானே சுருங்கிக் கூட்டை இறுகப் பற்றிக்கொண்டது. இன்று தோலுக்குப் பதிலாக நைலோன், பொலியெஸ்டர் அல்லது பருத்திக் கன்வஸ் பயன்படுகிறது. மற்றபடி வேலை அதேதான்.

நான் கட்டும் கூடு ஏறத்தாழ நாலரை மீற்றர் நீளமும் 58 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. நீளச் சட்டங்களுக்குத் தோட்டத்துச் சவுக்கு மரத்தையும், விலா வளைகளுக்குப் பிரம்பையும் பயன்படுத்துகிறேன். இணைப்புகளில் ஆணி இல்லை. எல்லாம் மெழுகிட்ட நூற்கட்டுத்தான். முடிந்த படகை ஒருவர் தோளில் வைத்துத் தேயிலை மலையின் குறுக்குப் பாதையில் இறங்கிவிடலாம்.

தண்ணீர் உள்ளே வராவிட்டால் போதாதா? துணி கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் என்ன குறைந்துவிடும்?

ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். படகின் அடிப்பகுதி தண்ணீருக்குள் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தால், அங்கே ஒவ்வொரு சதுர மீற்றரையும் தண்ணீர் 150 கிலோகிராம் பாரத்தால் மேல்நோக்கித் தள்ளுகிறது. இரண்டு நீளச் சட்டங்களுக்கு இடையே 20 சென்ரிமீற்றர் அகலமும் ஒரு மீற்றர் நீளமும் உள்ள துணிப்பரப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் மட்டும் 30 கிலோ விழுகிறது. துணி இறுகியிருந்தால் சற்றே உள்வாங்கி நின்றுவிடும். தளர்ந்திருந்தால் குழிந்து, ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் உப்பியும் ஒடுங்கியும் அசையும். படகு நகரத் தயங்குவது ஒரு புறமிருக்க, பெயின்ட் பூச்சு அந்த அசைவில்தான் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் தண்ணீர் ஊறும். ஆகவே “கொஞ்சம் தொளதொளப்பு” என்பது இந்த வருடத்துக் குறை, அடுத்த வருடத்து ஓட்டை.

எந்தத் துணியை வாங்க வேண்டும்? கடையில் எதைக் காட்டினாலும் நைலோன் என்கிறார்கள்.

உண்மைதான். புறக்கோட்டையில் ஒரு கடையில் எனக்கும் திரைச்சீலைத் துணியை நைலோன் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை, விற்றவருக்கே தெரிந்திருக்கவில்லை. ஆகையால் ஒரு முழத் துண்டை முதலில் வாங்கி வந்து, வீட்டில் சோதித்த பிறகு மிச்சத்தை வாங்குங்கள். ஒரு நூலை உருவித் தீயில் காட்டினால் மூன்று துணிகளும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். பருத்தி காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கரும்புகை விட்டு, முனையில் கடினமான கறுப்பு மணியாகத் திரளும். நைலோனும் உருகும், ஆனால் புகை வெளிறியிருக்கும், மணி மங்கலான பழுப்பாக இருக்கும்.

இந்த மூன்றையும் வேறுபடுத்துவது வலிமையைவிட, ஈரத்தோடு அவை வைத்திருக்கும் உறவுதான். நைலோன் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து நீளும், காய்ந்தால் சுருங்கும். சாதாரண ஈரப்பதத்தில் நைலோன் தன் எடையில் ஏறத்தாழ 4 வீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பொலியெஸ்டர் பிடிப்பது 0.4 வீதம் மட்டுமே. எனவே பொலியெஸ்டர் மழைக்கும் வெயிலுக்கும் அநேகமாக அசைவதில்லை. அது சுருங்குவது சூட்டுக்கு. பருத்திக் கன்வஸ் நைலோனுக்கு நேர்மாறு: நனைந்தால் இழைகள் பருத்து நெசவு இறுகும், காய்ந்தால் தளரும். மழையில் நனைந்த பருத்திக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் போராடியவர்களுக்கு இது புதிதல்ல.

நம் பகுதிக்கு என் தெரிவு பொலியெஸ்டர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில், வருடச் சராசரி 16 பாகை அளவில் இருக்கும் ஊர். ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் சற்றுத் தாழ்வு என்றாலும் மே முதல் செப்டெம்பர் வரை துணி உலர்வதே அரிது. பருத்தி இங்கே பூஞ்சணம் பிடித்து மக்கிவிடும். நைலோன் உறுதியானது, உராய்வைத் தாங்கும், தைக்கவும் இதமானது. ஆனால் அதன் குணத்தை அறிந்து தைக்க வேண்டும். எதை வாங்கினாலும் சதுர மீற்றருக்கு 250 முதல் 300 கிராம் வரை எடையுள்ள, நெருக்கமாக நெய்த துணியாக, அறுபது அங்குல அகலத்தில் வாங்குங்கள். அந்த அகலம் இருந்தால் படகைச் சுற்றி ஒரே துணியாகப் போர்த்தலாம். நடுவில் இணைப்புத் தேவைப்படாது.

நைலோன் வெயிலில் கல் மாதிரி இருக்கிறது, மழை வந்ததும் தொங்கிவிடுகிறது. நான் தைத்தது பிழையா?

தையல் பிழையல்ல, தைத்த நாள் பிழை. என் முதல் கயாக்கை நான் ஒரு பெப்ரவரி மாதத்தில், மூன்று வாரம் மழையில்லாத ஒரு பகலில், காய்ந்த நைலோனைக் கை நோக இழுத்துத் தைத்தேன். பார்த்தவர்களெல்லாம் தட்டித் தட்டி மகிழ்ந்தார்கள். ஜூன் மாதம் அதை லயத்தின் வாசலில் இருந்து எடுத்தபோது, மேல்தளத் துணி சட்டங்களுக்கிடையே தொட்டில் போலத் தொங்கியது. உள்ளங்கையை வைத்தால் கை முழுதும் குழிக்குள் இறங்கியது. இவ்வளவுக்கும் துணி நனைந்திருக்கவில்லை. காற்றின் ஈரம் மட்டுமே அதைச் செய்திருந்தது.

தப்பு அடிப்பவர்கள் மழை நாளில் செய்வதை நினைத்துப் பாருங்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து ஓசை அமுங்கும். வைக்கோலைக் கொளுத்தி அனல் காட்டியதும் இறுகிக் கணீரென்று பேசும். நைலோனும் அப்படித்தான். அது மிக நீண்டிருக்கும் நிலை நனைந்த நிலை. அந்த நிலையிலேயே இறுக்கமாகத் தைத்துவிட்டால், அதற்குமேல் நீள அதற்கு இடமில்லை. காயும் ஒவ்வொரு நாளும் கூடுதலாக இறுகத்தான் செய்யும். காய்ந்த நிலையில் தைத்தால், இறுக்கத்தின் உச்சியில் தைத்துவிட்டோம். அதன் பிறகு எல்லாம் இறக்கம்தான்.

அப்படியென்றால் அடை மழையில்தான் தைக்க வேண்டுமா?

மழை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெட்டிய துணியை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊற வைத்து, சொட்டச் சொட்ட எடுத்துக் கூட்டின் மேல் போர்த்தி, காயவிடாமல் இடையிடையே நீர் தெளித்துத் தையுங்கள். நிழலில் தைப்பது முக்கியம். மலையில் வெயில் சுள்ளென்று விழும்போது பத்து நிமிடத்தில் துணி பாதி காய்ந்து, ஒரு பக்கம் இறுகியும் மறு பக்கம் தளர்ந்தும் போய்விடும். தைத்து முடித்த பிறகு காற்றோட்டமான கொட்டிலில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். நன்றாக உலர்ந்த பின்பே பூச்சுக்குப் போக வேண்டும்.

பொலியெஸ்டர் துணியை இஸ்திரி போட்டால் சுருங்கும் என்றார்கள். போட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

ஆலையில் ஏற்கனவே சூடேற்றி நிலைப்படுத்தப்பட்ட துணி உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஆடைக்கும் குடைக்கும் திரைச்சீலைக்கும் நெய்யப்படும் பொலியெஸ்டர், வீட்டில் இஸ்திரி போடும்போது சுருங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு பதப்படுத்தப்படுகிறது. படகுக்கு நமக்கு வேண்டியது பதப்படுத்தாத துணி. சிறு விமானங்களின் இறக்கைகளுக்குப் போர்த்தும் பொலியெஸ்டர் இவ்வகையைச் சேர்ந்தது. அது ஏறத்தாழ 10 வீதம் சுருங்கும்.

மேலே சொன்ன முழத் துண்டு இங்கே உதவும். அதில் சரியாக 30 சென்ரிமீற்றர் சதுரத்தைப் பேனாவால் வரைந்து, இஸ்திரிப்பெட்டியால் இருபுறமும் மெதுவாகத் தேய்த்த பின் பாவு (நீள நூல்) வழியாகவும் ஊடை (குறுக்கு நூல்) வழியாகவும் அளந்து பாருங்கள். இரு பக்கமும் 27, 28 சென்ரிமீற்றருக்கு வந்தால் அருமையான துணி. 29 என்றால் கையால் நன்கு இழுத்துத் தைத்துச் சமாளிக்கலாம். 30 ஆகவே நின்றால் அது உங்கள் படகுக்கு உதவாது. வாசலுக்குத் திரையாகத் தொங்கவிடுங்கள். ஒரு வழி மட்டும் சுருங்கும் துணியும் உண்டு. அப்படியானால் சுருங்கும் வழி படகின் குறுக்காக வருமாறு போர்த்த முடியுமா என்று பாருங்கள். துணியின் அகலம் அதற்கு இடம் தராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இஸ்திரிப்பெட்டியை எவ்வளவு சூட்டில் வைப்பது?

படிப்படியாக ஏற்ற வேண்டும். பொதுவாக இஸ்திரிப்பெட்டியின் ஒரு புள்ளி 110 பாகை செல்சியஸையும், இரண்டு புள்ளி 150ஐயும், மூன்று புள்ளி 200ஐயும் குறிக்கும். முதற்சுற்றில் ஒரு புள்ளிக்குச் சற்று மேலே வைத்து, படகு முழுவதையும் ஒரு முறை தேய்த்துச் சுருக்கங்களை எடுங்கள். இரண்டாம் சுற்று 150 பாகையில். மூன்றாம் சுற்றை விமானத் துணிக்குச் சொல்லப்படும் எல்லையான 177 பாகையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதாவது இரண்டு புள்ளிக்கும் மூன்று புள்ளிக்கும் நடுவில். அதைத் தாண்டினால் துணி மேலும் இறுகுவதற்குப் பதிலாகப் பெற்ற இறுக்கத்தையே இழக்கும். 250 பாகையைத் தாண்டிச் சென்றால் பொலியெஸ்டர் உருகியே போகும்.

ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறு பக்கத்துக்குப் போகாதீர்கள். இடப்புறம் ஒரு முழம் தேய்த்தால் வலப்புறம் ஒரு முழம் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் கூடு ஒரு பக்கமாக முறுகும். சிரட்டைக்கரி போட்ட பழைய இஸ்திரிப்பெட்டியை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்: அதன் சூடு எவ்வளவு என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நைலோனுக்கு இந்த விடை பொருந்தாது. அதை இறுக்குவது ஈரத்தில் தைப்பதுதான், சூடு அல்ல.

இஸ்திரிப்பெட்டி எதற்கு, கேத்தலில் கொதிநீரை ஊற்றினால் சுருங்காதா?

சுருங்கத் தொடங்கும், முழுமை பெறாது. கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர் நுவரெலியா உயரத்தில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, துணியில் படும்போது இன்னும் ஆறிவிடுகிறது. ஊற்றிய கோட்டில் இறுகி, ஊற்றாத இடம் அலை அலையாக நிற்கும். கையைச் சுட்டுக்கொள்வது மேலதிகம்.

தைக்க எங்கிருந்து தொடங்குவது? நான் நடுவில் தொடங்கினேன், இரண்டு முனையிலும் மூட்டை மாதிரிச் சேர்ந்துவிட்டது.

நீளம் முதலில், அகலம் பிறகு. இந்த ஒழுங்கை மாற்றினால் எந்தத் துணியும் சரிவராது. குறுக்காக இறுக்கிய துணி கூட்டைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு நீளவாக்கில் எவ்வளவு இழுத்தாலும் அது வழுக்கி வராது, இழுத்த மிச்சமெல்லாம் முனையில்தான் போய்ச் சேரும்.

கூட்டைக் கவிழ்த்து வைத்து, துணியின் நடுக்கோட்டை அடிச்சட்டத்தின் மேல் பொருத்துங்கள். முன்முனையில் துணியை மடித்து, மூக்கில் மாட்டும் உறை போல ஒரு சிறு பையாகத் தைத்து மாட்டிவிடுங்கள். பின்முனையிலும் அதே போல ஒரு பை; ஆனால் அது முனைக்கு நான்கு விரற்கடை முன்பாகவே முடிய வேண்டும். அந்த இடைவெளியைத்தான் இனி இழுத்து மூடப் போகிறோம். ஒருவர் கூட்டைப் பிடித்துக்கொள்ள மற்றவர் பையைப் பின்முனைக்கு மேலாக இழுத்து மாட்ட வேண்டும். கை வலு போதாதபோது பையின் ஓரத்தில் கயிறு கோத்து, அதற்குள் ஒரு தடியை நுழைத்து முறுக்கினால் துணி அங்குலம் அங்குலமாக வரும். இரண்டு விரற்கடையே வந்தது என்றால் உங்கள் துணி நீளாத வகை. பையை அங்கேயே பிரித்துத் தைத்துக்கொள்ளலாம், முறுக்கிக் கிழிக்க வேண்டாம்.

அதன் பிறகு படகை நிமிர்த்தி வையுங்கள். துணியின் இரு ஓரங்களும் இப்போது மேல்விளிம்புச் சட்டங்களுக்கு மேலாக எழுந்து நிற்கும். படகின் நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, சப்பாத்துக்கு நூல் கோப்பது போலக் குறுக்கும் மறுக்குமாகக் கோத்து வந்து, ஒரு முறை மென்மையாகவும் இரண்டாம் முறை கடுமையாகவும் இறுக்குங்கள். இந்தக் கோப்பு ஒரு தற்காலிகப் பிடி. உண்மையான தையல் முனைகளிலிருந்து தொடங்கி நடுவை நோக்கி வரும்; தையல் நெருங்க நெருங்கக் கோப்பை அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். கடைசியாக, ஆள் உள்ளே இறங்கி உட்காரும் வாய்வளையத்தைச் சுற்றிய இடத்தைத் தைப்பது.

சுருக்கம் நேராக இல்லாமல் சாய்வாக ஓடுகிறது. எவ்வளவு இழுத்தாலும் போகவில்லை.

சாய்வான சுருக்கம் இழுப்புக் குறைவால் வருவதல்ல. இடமும் வலமும் ஒத்து இழுபடாததால் வருவது. துணியின் பாவு நூல் படகின் நடுக்கோட்டோடு நேராக ஓடாமல் ஒரு பக்கம் திருகியிருக்கும். நடுக்கோட்டைச் சுண்ணக்கட்டியால் வரைந்துவிட்டுத் தைத்திருந்தால் அது எங்கே விலகியது என்று உடனே தெரிந்திருக்கும். சுருக்கத்தின் இரு முனைகளுக்கும் நேரேயுள்ள கோப்பை மட்டும் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தைச் சற்று முன்னோக்கி இழுத்துக் கோத்துவிடுங்கள். முனைகளில் மட்டும் மிஞ்சும் சிறு மடிப்பை, சட்டைத் தோளில் தையற்காரர் எடுப்பது போல ஒரு கொசுவமாக மடித்துத் தைத்துவிடலாம். நேராக நீளவாக்கில் ஓடும் சுருக்கமானால் குறுக்கிழுப்புப் போதவில்லை. குறுக்காக ஓடினால் நீள இழுப்புப் போதவில்லை.

தையல் துளை வழியே தண்ணீர் வராதா? எந்த நூலில் தைப்பது?

தையல் மேல்தளத்தில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே வருவதால் கவலை குறைவு. ஓரங்களை உள்ளே சுருட்டி, ஒன்றோடொன்று அணைத்து, ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு தையல் வீதம் சுற்றுத் தையல் போட்டால், பெயின்ட் துளைகளை அடைத்துவிடும். வளைந்த சாக்கு ஊசி போதும். நூல் துணியின் இனத்தைச் சேர்ந்ததாக, தேன்மெழுகு தடவியதாக இருக்கட்டும். பருத்தி நூல் நம் ஈரத்தில் துணிக்கு முன்னே மக்கும். துணியை வெட்டக் கத்தரிக்கோலைவிட, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் நல்லது: வெட்டிய ஓரம் உருகி ஒட்டிக்கொள்வதால் இழை பிரியாது. இழை பிரிந்த ஓரத்தை எவ்வளவு இறுக்கமாகத் தைத்தாலும் அது மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும்.

அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு ரெக்சின் இருக்கிறது. அதைப் போட்டால் பெயின்ட் செலவும் மிச்சம்தானே?

தண்ணீர் புகாது என்பது உண்மை, ஆனால் இறுகாது. ரெக்சினும் லொறி மூடும் தடித்த படங்கும் துணியின் மேல் பிளாஸ்டிக் ஏற்றியவை. ஈரத்துக்கும் அசையா, சூடு காட்டினால் துணி சுருங்குமுன் மேற்பூச்சு உருகிவிடும். ஆக, கையால் எவ்வளவு இழுத்தோமோ அவ்வளவுதான் இறுக்கம். வளைவான முனைகளில் அது மடங்கி நிற்பதைத் தவிர்க்கவும் முடியாது. நீல நிறப் பிளாஸ்டிக் படங்கு இன்னும் மோசம், ஊசித்துளையிலேயே கிழியும். ஒரு நாள் விளையாட்டுக்குச் சரி. நாலரை மீற்றர் கூட்டை வாரக்கணக்கில் கட்டிவிட்டு அதன் மேல் இதைப் போர்த்துவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

இறுக்கம் கூடினால் கூடு வளைந்து போகுமா?

போகும். குறிப்பாக 10 வீதம் சுருங்கும் பொலியெஸ்டரை, கையாலும் முழு வலுவோடு இழுத்துத் தைத்துவிட்டுப் பிறகு இஸ்திரியும் போட்டால், மெல்லிய மேல்விளிம்புச் சட்டங்கள் உள்நோக்கி வளைந்து படகு ஒடுங்கும். நன்றாகச் சுருங்கும் துணியைக் கையால் சுருக்கமின்றி நிற்கும் அளவுக்கு மட்டும் இழுத்துத் தைத்து, மீதியைச் சூட்டுக்கு விட வேண்டும். குறைவாகச் சுருங்கும் துணிக்குத்தான் கை வலு தேவை.

கூடு முறுகுகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு நேரான தடிகளை, ஒன்று முன்பக்கமும் மற்றொன்று பின்பக்கமும், மேல்விளிம்புச் சட்டங்களின் மேல் குறுக்காக வைத்து, ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்தால் படகு நேராக இருக்கிறது. தைக்குமுன், தைத்தபின், ஒவ்வொரு இஸ்திரிச் சுற்றுக்குப் பின் என்று இதைப் பார்த்துவிட்டால் பிழையை அரை வழியில் பிடிக்கலாம். இன்னொன்று: துணி நீளச் சட்டங்களை மட்டும் தொட வேண்டும், விலா வளைகளைத் தொடக் கூடாது. வளை தொட்டால், இறுக்கிய துணியில் அது பசித்த மாட்டின் விலா போலப் புடைத்துத் தெரியும். அந்தப் புடைப்புத்தான் கல்லில் முதலில் உரசும்.

எவ்வளவு போதும் என்பவர்களுக்கு என் அளவுகோல் இது: 20 சென்ரிமீற்றர் இடைவெளியின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் துணி ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு இறங்கி, விட்டதும் சட்டென்று எழ வேண்டும்.

தைத்தபோது நன்றாக இருந்தது, பெயின்ட் அடித்ததும் தளர்ந்துவிட்டது.

உங்கள் துணி நைலோன், பெயின்ட் தண்ணீரில் கரைக்கும் வகை என்று ஊகிக்கிறேன். பெயின்டிலுள்ள தண்ணீரைக் குடித்து நைலோன் நீண்டிருக்கிறது. அது மீண்டும் இறுகும். அதற்குள் பூச்சு அலையாகக் காய்ந்துவிட்டால் அந்த அலை நிற்கும். எண்ணெய் அடிப்படையிலான எனாமலையோ, இரண்டு கலவையாக வரும் பொலியூரித்தேனையோ பயன்படுத்துங்கள். முதற்பூச்சை மெல்லியதாகக் கரைத்துத் துணிக்குள் இறங்கும்படி தேய்க்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று பூச்சுகள் அதன் மேல் நிற்கும்.

பொலியூரித்தேனுக்கு நம் மூடுபனி ஆகாது. அது ஈரத்தோடு சேர்ந்தால் வாயு கிளம்பிப் பூச்சில் குமிழ் குமிழாக நிற்கும். காலை பத்து மணிக்குத் தொடங்கி, பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்துக் கதவைச் சாத்திவிடுங்கள். நாலு மணிக்குப் பனி இறங்கும் இடத்தில் அதற்குப் பிறகு தூரிகையைத் தொடக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலைக்கு உகந்த காலம். ஆகவே நைலோன்காரர்கள் துணியை நனைத்துத் தைத்து, பூச்சுக்கு மட்டும் வறண்ட மாதத்தைத் தேட வேண்டியிருக்கிறது. சற்று வேடிக்கையான ஏற்பாடுதான், ஆனால் வேறு வழியில்லை. பூச்சை உள்ளே எட்டாத இடங்களில் விட்டுவிடுவதால், உட்புறம் வழியாக நைலோன் பின்னரும் ஈரத்தைக் குடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பூச்சு அதன் குணத்தை மட்டுப்படுத்துமே தவிர மாற்றாது.

ஒரு வருடம் கழித்துத் தளர்ந்தால் மறுபடி இஸ்திரி போடலாமா?

பெயின்ட் பூசிய துணியில் இஸ்திரிப்பெட்டியை வைக்க வேண்டாம், பூச்சு கொப்பளிக்கும். முதலில் படகைக் கவிழ்த்து, காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் உலரவிடுங்கள். நைலோன் என்றால் பெரும்பாலும் அதுவே மருந்து. வெயிலில் மாதக்கணக்காகப் போடக் கூடாது, மலை உயரத்து வெயில் நைலோனின் வலுவைத் தின்றுவிடும். உலர்ந்தும் தளர்வு போகாவிட்டால் மேல்தளத் தையலை ஒரு முழ நீளத்துக்குப் பிரித்து, ஓரத்தை இன்னும் ஒரு சுற்றுச் சுருட்டி இறுக்கித் தைத்து, அந்த இடத்துக்கு மட்டும் பூச்சுக் கொடுங்கள். துணியோடு சேர்த்துக் கூட்டையும் பாருங்கள்: பல தடவைகளில் தளர்ந்தது துணியாக இருக்கவில்லை, ஒரு நூற்கட்டு அவிழ்ந்து சட்டம் உள்ளே இறங்கியிருந்தது.

மவுஸ்ஸாகலையில் தண்ணீர் வற்றிய நேரம் போனேன். பழைய கட்டடத்தின் கல் ஒன்று கீறிவிட்டது. ஒட்டுப் போட்டால் சுற்றியுள்ள இடம் தளர்ந்துவிடாதா?

1969இல் அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலும் கட்டடங்களும் நீர்மட்டம் இறங்கும்போது தலைகாட்டும் இடம் அது. மூழ்கிய மரக்கட்டைகளும் உண்டு. அந்த மாதங்களில் கரையோரம் செல்வதானால் அடிச்சட்டத்தின் நீளத்துக்கு ஒரு இரண்டாம் துணிப்பட்டியை முன்கூட்டியே ஒட்டி வைப்பது நல்லது.

கீறலைப் பொறுத்தவரை, இறுகிய துணியில் கிழிசல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்; அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தத் திறந்த வாயின் மேலேயே ஒட்டை வைத்தால் சுற்றுப்புறம் தளர்ந்தே நிற்கும். முதலில் மெழுகு நூலால் இரு உதடுகளையும் ஒன்றுக்கொன்று தொடும்வரை இழுத்துத் தையுங்கள். இறுக்கம் திரும்பி வருவது அந்தத் தையலில்தான். அதன் பிறகு சுற்றிலும் நான்கு விரற்கடை அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி, அதே துணியில் மூலைகளை வட்டமாக வெட்டிய ஒட்டை வைத்துப் பூசுங்கள். கூரான மூலை பிறகு உரியும். ஏரியின் நடுவிலேயே கிழிந்துவிட்டால் அகலமான ஒட்டு நாடா கரை சேரும்வரை தாங்கும், ஆனால் துணியைத் துடைத்து உலர்த்தினால்தான் அது ஒட்டும். அதற்காக நான் என் இருக்கைக்கடியில் ஒரு காய்ந்த பழந்துணியைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறேன்.